4×5 அங்குல ஷீட் பிலிமையும் (ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள்) பெரிய கமராவையும் விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? எக்ஸ்ரேயில் பழுதாகிவிடாதா?

பிலிமைக் கையோடு கொண்டுபோங்கள், எக்ஸ்ரேக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் எப்படிக் கேட்பது என்பதுதான்.

நீங்கள் வெளிநாட்டில் இருந்து ஊர்ப்பக்கம் படம் எடுக்க வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைக் கேட்க என்னைத் தவிர ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. சூட்கேஸில் போட்டு அனுப்புகிற சாமானுக்கு அடிக்கிற எக்ஸ்ரே பலமானது, அங்கே பிலிம் வைத்தால் நிழல் பகுதியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். கைப்பொதிக்கு இருந்த பழைய மெஷினில் 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) பிலிம் ஓரிரு தரம் போய்வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இப்போது பல இடங்களில் பையைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிற, எக்ஸ்ரே பலம் கூடிய சிடி ஸ்கானர் வந்துவிட்டது. மடிக்கணினியைப் பைக்குள்ளேயே விடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் அதுதான். அதற்குள் பிலிமை விடவே வேண்டாம் என்று கோடாக், இல்போர்ட் இரண்டு கம்பனியும் சொல்கின்றன. "நான் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத வருகிறவர்களே, நல்லது, சந்தோஷம், நான் விடமாட்டேன். ஈயப் பை வாங்கச் சொல்கிறவர்களும் வருவார்கள். திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் அதிகாரி பையைத் திறக்கத்தான் போகிறார், பிறகு எதற்கு அந்தக் காசு?

உருளைப் பிலிம் என்றால் டப்பாவைத் திறந்து காட்டிவிடலாம். ஷீட் பிலிம் அப்படியில்லை. 25 தாள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடி போட்ட அட்டைப்பெட்டி, வெளிச்சத்தில் திறந்தால் எல்லாம் போச்சு. திறக்கக்கூடாத பெட்டி ஒன்றைப் பாதுகாப்பு அதிகாரியிடம் நீட்டி "திறக்காதீர்கள்" என்று சொல்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் என்னுடைய பாஸ்போட்டை வைத்துக்கொண்டு.

இடையில் விமானம் மாறுகிற ஒரு பெரிய எயார்போட், பெயர் வேண்டாம். என் கையில் இருந்தது எடுத்து முடித்து இன்னும் கழுவாத கலர் ஷீட். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கல்யாணப் படம்கூட மிஞ்சாத அம்மாமாரை முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி எடுத்தவை. திரும்பப் போய் "அம்மா, இன்னொருக்கா இருங்கோ" என்று கேட்கலாம்தான், ஆனால் எல்லாரும் இருக்கவேண்டுமே. சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் கொட்டி அடுக்கிய தலைமுறை நான், கேட்கமுதலே பரப்பிவிட்டேன். எப்போதும் ஒரு வெறும் பிலிம் பெட்டியும் பழுதான ஒரு ஷீட்டும் கொண்டுபோவேன். சோதிக்க நின்ற பிள்ளையிடம் அந்த வெறும் பெட்டியின் மூன்று மூடியையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டி, ஷீட்டைக் கையில் கொடுத்து, மற்றப் பெட்டிக்குள்ளும் இதேதான், வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்றேன். மேலதிகாரி வந்தார். பெட்டியின் வெளிப்பக்கத்தை ஒரு துணித்துண்டால் துடைத்து, வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று அந்தத் துண்டை மெஷினில் வைத்துப் பார்த்தார்கள், சரி என்றார்கள். அதன்பிறகுதான் கூத்து. லென்ஸைப் பார்க்கிறேன் என்று ஷட்டரின் நெம்பைத் தட்டிவிட்டார்கள், அது ஒரு செக்கன் வேகத்தில் கிர்ர்ர் என்று ஓடி டக்கென்று மூடியது. எல்லாரும் ஒரு அடி பின்னுக்குப் போனார்கள். ஆகவே லென்ஸை எப்போதும் ஷட்டரை ஏற்றி வைக்காமல் இறக்கிய நிலையில் வையுங்கள், அதையும் கைப்பொதியில் வையுங்கள். அமெரிக்காவில் கையால் பார்க்கக் கேட்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. மற்ற இடங்களில் பாதி அதிகாரியின் மனம், ஆகவே நேரத்தோடு போங்கள், வரிசை நீளமாக இருக்கும்போது யாருக்கும் பொறுமை இராது.

ஸ்டாண்ட், துருத்திக் கமரா, ஷீட்டைப் போட்டுக் கமராவில் செருகுகிற ஹோல்டர்கள் (வெறுமையாக இருந்தால்) எல்லாம் சூட்கேஸில் போகலாம். பின்பக்க மங்கல் கண்ணாடியை மட்டும் கழற்றி உடுப்புக்குள் சுற்றுங்கள். ஆனால் சூட்கேஸில் இடம் இருந்தால்தானே? இதைச் சொல்லாமல் விட முடியாது: நான் எங்கே புறப்பட்டாலும் "தம்பி, ஒரு சின்னப் பார்சல்" என்று வந்துவிடுவார்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு, பேரப்பிள்ளைக்குப் பனங்கட்டி. போனமுறை என் ஸ்டாண்ட் வீட்டில் நின்றது, கருவாடு பறந்தது. அங்கிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி பிலிம் வாங்கித் தாருங்கோ என்றால் மட்டும் "அது இப்பவும் விக்கிறாங்களோ?" என்று சிரிப்பு. சரி, விடுங்கள்.

கறுப்பு வெள்ளை என்றால் இன்னொரு வழி: பறக்கமுதல் இங்கேயே கழுவிவிடுங்கள். கழுவிய நெகட்டிவை எந்த எக்ஸ்ரேயும் ஒன்றும் செய்யாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற ஜாதி, ஆகவே கடைசி அலசலுக்குப் போத்தல் தண்ணீர் வேண்டும், கழுவுகிற கரைசலை 20 பாகைக்கு இறக்க ஐஸ் வேண்டும். கெமிக்கல் மட்டும் கொண்டுவராதீர்கள், அந்த வெள்ளைத்தூளுக்கு எயார்போட்டில் விளக்கம் சொல்லி முடியாது. என்னிடம் இருக்கிறது, வரும்போது சொல்லுங்கள், ஐஸை வவுனியாவில் வாங்காதீர்கள், வந்து சேரமுதல் கரைந்துவிடும்.