பத்து முறை எழுதினால் வாசிப்பு வராது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன், கேட்ட கதையை ஒன்று விடாமல் சொல்கிறான்; அதையே புத்தகத்தில் காட்டினால் திணறுகிறான். தினமும் ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுத வைத்தும் பயனில்லை. டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. முத்திரை விழுந்துவிடும் என்று, செம்பனை லோரி ஓட்டும் என் கணவர் பரிசோதனைக்கு மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தப் பத்து முறை எழுதும் வேலையை இன்றே நிறுத்திவிடுங்கள். டிஸ்லெக்சியா அறிவுக் குறையோ பார்வைக் குறையோ சோம்பலோ அன்று. பேச்சின் ஒலிகளைத் தனித்தனியே பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் ஏற்படும் சிரமம். பார்த்து எழுத அந்தப் பொருத்தம் தேவையில்லை என்பதால், பக்கம் நிறைய எழுதிய பிள்ளையும் மறுநாள் அதே சொல்லின் முன் விழிப்பான். நம் 'கொ'வையே பாருங்கள்: கொம்பு முன்னே, கால் பின்னே, அந்த ஒகர ஒலியோ ககரத்துக்குப் பிறகு. 'கோ'வாக மாறக் கொம்பில் ஒரு சுழி போதும். இத்தனைக்கும் இடையில் மலாயையும் ஆங்கிலத்தையும் அவன் படித்தாக வேண்டும்.

கடிதத்தைக் கொண்டு நான் எதையும் உறுதிசெய்ய இயலாது. ஆனால் நீங்கள் சொல்வது பரிசோதனைக்குப் போதிய காரணம். கல்வி அமைச்சின் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு பள்ளியிலேயே முதற்கட்டமாகப் பார்ப்பார்கள். பிறகு அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்தோடு ஈப்போவில் குழந்தைநல மருத்துவரைப் பார்க்கலாம். மருத்துவ அறிக்கை வேறு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை வேறு, அட்டைக்குப் பதிவதும் பதியாததும் உங்கள் விருப்பம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் கோர நேர்ந்தால், கையில் ஆதாரம் இருப்பது நல்லது. முத்திரை என்றால், வகுப்பில் அவனுக்கு இப்போதே ஒரு பெயர் இருக்கும். அது இதைவிட நல்ல பெயராக இராது.

இது குடும்ப வழியில் வருவதுண்டு. உங்கள் கணவரின் பள்ளி நாள்களைப் பற்றி, தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மறுப்புக்கான காரணம் அங்கே இருக்கக்கூடும்.

மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாள்களை வீணாக்க வேண்டாம். தினமும் கால் மணி நேரம், ஏடு தொடங்கியபோது செய்ததுபோல், தட்டில் பரப்பிய அரிசியில் எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்லட்டும். இரண்டு மூன்று எழுத்துகள் போதும். அவை பதிந்த பிறகே அடுத்தவை. கதைப் புத்தகங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், பதில்களை வாய்மொழியாகக் கேட்கும்படி ஆசிரியையிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பரிசோதனையைப் பற்றி முதலில் பேசியவரே அவர்தான் என்பதால், மறுக்கமாட்டார்.