சீமெந்துத் தரையில் இருமும் ஆட்டுக்குட்டிகள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் என் தந்தையார் வைத்திருந்ததைப் போலவே அவிசாவளையில் கிடுகுக் கொட்டில் போட்டு, சுத்தத்துக்காகத் தரைக்கு மட்டும் சீமெந்து பூசி ஆடு வளர்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து குட்டிகள் இருமுகின்றன. இரண்டு தாயாடுகள் நொண்டுகின்றன. எங்கே பிழை?

பதில்: பிழை கொட்டிலில் அல்ல, தரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். மற்ற மாதங்களில் விழும் மூத்திரத்தை மண்ணே குடித்துவிடும். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் உங்கள் பகுதியில் தரை காய்வதற்கு அவகாசமே இல்லை. சீமெந்தோ மூத்திரத்தை உறிஞ்சாது. அதிலிருந்து கிளம்பும் அமோனியா, படுத்திருக்கும் குட்டியின் மூக்கு மட்டத்திலேயே தங்குகிறது. விடியற்காலையில் கொட்டிலைத் திறந்தவுடன் உள்ளே குந்தியிருந்து பாருங்கள்; உங்கள் கண் கரித்தால் குட்டியின் நெஞ்சும் கரிக்கிறது என்று பொருள்.

ஆகவே நிலத்திலிருந்து 3 அல்லது 4 அடி உயரத்தில் பரண் அடியுங்கள். கமுகஞ்சலாகை போதும். சலாகைகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது. பெரிய ஆடொன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி இடம் வேண்டும். கிடுகுக் கூரை இருக்கட்டும். தென்மேற்குப் பக்கத்து இறவாரத்தை மட்டும் 3 அடி வெளியே நீட்டுங்கள். சாரலுக்குப் பயந்து நாற்புறமும் பொலித்தீன் கட்டுவோரை அடிக்கடி காண்கிறேன். அது காற்றை அடைத்து இருமலை வளர்க்கும்.

நொண்டலுக்குக் குளம்பை முதலில் பாருங்கள். பிளவுக்குள் நாற்றமும் புண்ணும் இருந்தால் அது ஈரத்தால் வந்த அழுகல். குளம்பு சுத்தமாக இருந்து பின்பகுதி தள்ளாடினால் நிலைமை வேறு: மாட்டிலிருந்து நுளம்பு காவிவரும் ஒருவகைப் புழு ஆட்டின் முள்ளந்தண்டைத் தாக்கியிருக்கக்கூடும். பொழுதுபடும் நேரத்தில் வேப்பிலைப் புகை போட்ட நம் முன்னோர் பெயர் தெரியாமலே இந்த நோய்க்கும் காப்புத் தேடியிருக்கிறார்கள். ஆனால் இருமும் குட்டிகள் இருக்கையில் புகையைக் கொட்டிலுக்குள் போடாதீர்கள். காற்று வரும் பக்கத்தில், சற்றுத் தள்ளி மூட்டினால் போதும். தள்ளாட்டமோ, காய்ச்சலோடு இருமலோ கண்டால் அன்றைக்கே அரச கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

பரண் தயாராகும் வரை, பழைய பலகைகளைச் செங்கல்லின் மேல் அடுக்கி, காய்ந்த வைக்கோல் பரப்பிக் குட்டிகளை இன்றிரவே அதன்மேல் ஏற்றிவிடுங்கள். வைக்கோலை நாளாந்தம் மாற்ற வேண்டும்.