வைட்டமின் பி12 குறைவும் நரம்பும்: மருத்துவர் பதில்கள்

மன்னார்குடி வாசகர்: அப்பாவுக்கு 62 வயது. பகலில் நன்றாக நடக்கிறார். இருட்டினால் வரப்பில் தடுமாறுகிறார். கண் கோளாறா?

கண்ணையும் காட்டுங்கள். ஆனால் எனக்கு முதல் சந்தேகம் தண்டுவடத்தின் மேல்தான். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதைகள் வழியாக மூளைக்குப் போகிறது. கோபாலமின் என்ற பி12 குறைந்தால் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைகிறது. அப்போது பெரும்பாலும் முதலில் அடிபடுபவை இந்தப் பாதைகளே. பகலில் கண் பார்த்துச் சமாளித்துவிடும். இருட்டில் அந்தத் துணை இல்லை. முகம் கழுவக் கண்ணை மூடும்போது அப்பா சாய்கிறாரா, சுவரைத் தேடுகிறாரா என்று அருகில் நின்று கவனியுங்கள். மருத்துவர் கண்ணை மூடி நிற்கச் சொல்வதும், தட்டினால் அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பதும் இதற்காகத்தான். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: எனக்கு ஹீமோகுளோபின் 13. கால் மரத்துப்போவது பி12 குறைவாக இருக்குமா?

இருக்கலாம் அம்மா. ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடும். ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது ரத்தத்தைச் சீராக்கிக் காட்டும். நரம்புச் சிதைவை நிறுத்தாது. ரத்த அறிக்கை நன்றாக இருக்கிறதென்று நிம்மதியாக இருந்து காலை இழப்பது எத்தனை கொடுமை! பி12 அளவைத் தனியாகப் பாருங்கள். அது எல்லைக்கோட்டில் நின்றால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பரிசோதிப்பது உதவும்.

திருவையாறு வாசகர்: நாங்கள் சைவம். பாலும் பழைய சோறும் போதாதா?

பழைய சோற்றை இதற்கு நம்ப வேண்டாம். கீரை, பருப்பிலும் பி12 இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம் தேவை. 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராம்கூடத் தேறுவது அரிது. காபிக்கு ஊற்றும் பால் எந்த மூலைக்கு?

நாகப்பட்டினம் வாசகர்: தினமும் மீன் சாப்பிடுகிறேன். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பாதம் எரிகிறது.

மீனில் பி12 தாராளம். சாப்பிட்டது உடலில் சேர வேண்டுமே! இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு இணைந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படுகிறது. மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரைகளும் அப்படியே. எரிச்சலுக்குச் சர்க்கரையே காரணமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பரிசோதியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

திருவாரூர் வாசகி: மாமியாருக்கு மறதி. இதனால் வருமா?

வரலாம். மறதிக்குக் காரணம் தேடும்போது பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

பாபநாசம் வாசகர்: ஊசி போட்டு இரண்டு மாதம். மரப்பு முழுதும் போகவில்லை. நிறுத்திவிடலாமா?

கூடாது தம்பி. ரத்தம் சில வாரங்களில் தேறும்; நரம்புக்குப் பல மாதங்கள் பிடிக்கும். நெடுநாள் கெட்டது முழுவதும் திரும்பாமலும் போகலாம். குறைவு ஏன் வந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். உணவுதான் காரணமென்றால் பிறகு மாத்திரைக்கு மாறலாம். இரைப்பை அந்தப் புரதத்தைச் சுரக்கவில்லை என்றாலோ, இரைப்பையை அறுவை செய்து எடுத்திருந்தாலோ, சிகிச்சை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.