திருச்சியில் ஏறினால் சுங்கை சிப்புட்டுக்கு எத்தனை மணி நேரம்?

தங்கச்சி, கல்யாணம் முடிந்து திருச்சியிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வரப்போகிறாய், டிக்கெட்டில் நள்ளிரவு 12:15-க்குக் கிளம்பி காலை 6:45-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, ஆறரை மணி நேரமா ஆகாயத்தில் இருக்கணும் என்று அம்மா பயப்படுகிறார் என்று கேட்டிருந்தாய். அவ்வளவெல்லாம் இல்லை. பறப்பது நாலு மணி நேரம்தான், மீதி இரண்டரை மணி கடிகாரம் செய்யும் வேலை. கிளம்பும் நேரம் இந்திய நேரம், இறங்கும் நேரம் அதைவிட இரண்டரை மணி முந்தி ஓடும் மலேசிய நேரம், டிக்கெட்டில் அப்படித்தான் போடுவார்கள். நான் முதல் தடவை ஊருக்குப் போனபோது என் டிக்கெட்டில் இரவு 9-க்கு ஏறி 10:30-க்குத் திருச்சியில் இறங்குவதாக இருந்தது, அப்பா அதைப் பார்த்துவிட்டு "ஏதோ தப்பா அடிச்சிருக்கான், போய்க் கேளு" என்று ஒரே பிடிவாதம்.

என் மாமியார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அந்தக் காலத்தில் இரண்டு மணி நேர வித்தியாசம்தான் என்பார். சரிதான், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு நேரம் ஒத்துப்போகட்டும் என்று 1982 ஜனவரி 1-இல் இந்தப் பக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் இங்கே ஏழு மணிக்குக்கூடச் சரியாக விடியாது, பிள்ளைகள் இருட்டில்தான் பள்ளிக்கூட பஸ் ஏறுகிறார்கள். நீ இறங்கும்போதும் ஓடுபாதை விளக்கையும் அதற்கப்பால் கறுப்பாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களையும் தவிர வேறெதுவும் தெரியாது.

தூரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். பெரும்பாலும் வங்கக்கடல், கடைசியில் சுமத்ராவின் வடமுனை, மலாக்கா நீரிணை. மாமியாரின் அப்பா இதே கடலை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு வரைக்கும் கடந்தவர், ஒரு வாரத்துக்குக் கிட்ட ஆனதாம்.

நீ கேட்காதது ஒன்று இருக்கிறது, அலுப்பே அதில்தான். விமானம் இறங்குவது சிப்பாங்கில், கோலாலம்பூருக்கும் தெற்கே. அங்கிருந்து நம் ஊர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், வழியில் தாப்பாவில் நிறுத்தி ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடித்தால் காரில் நாலு மணி நேரம் ஆகிவிடும். கடலைத் தாண்டிய அதே நேரம்! கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் போய் இ.டி.எஸ். என்கிற மின்சார ரயிலிலும் வரலாம், ஆனால் புதுப்பெண் இரண்டு பெட்டியோடு அலைய வேண்டாம், கார் அனுப்பச் சொல்.

அனுப்பும்போது டெர்மினல் 1-ஆ 2-ஆ என்று தெளிவாகச் சொல்லிவிடு. என் கொழுந்தனார் ஒன்றில் நிற்க, நான் இரண்டில் மல்லிகைப்பூ வாடி, ஊர் சிம் வேலை செய்யாமல் ஒன்றே கால் மணி நேரம் தூணோடு தூணாக நின்றேன். இரண்டுக்கும் நடுவில் ரயிலில் மூன்று நிமிடம்தான், அது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொன்று, வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். என் சித்தி மகனிடம் ஒரு ஏஜெண்டு அதற்கு 1,500 ரூபாய் வாங்கிவிட்டான்.

அம்மாவிடம் இதையும் சொல்லிவை: அங்கே சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு ஆற அமரப் போன் போட்டால் இங்கே பதினொன்றரை, உன் மாமியார் வீடே எழுந்துகொள்ளும்.