இண்டியா, இல்லையா? ஓட்டு எண்ணுகிறவரிடம் சில கேள்விகள்

எங்கள் கேமிங் வட்டத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் “இந்த ஆண்டின் சிறந்த இண்டி கேம்” என்று ஓட்டுப் போடுவோம். பட்டியலைச் சரிபார்ப்பதும் ஓட்டு எண்ணுவதும் சில வருடங்களாக என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்திதான். இந்த முறை ஓட்டு தொடங்கும் முன்பே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இண்டி கேம்னா என்ன?

பணம் போட்டவர் நாளைக்கே கையை விரித்துவிட்டால், செய்கிறவர்கள் அந்த கேமைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? முடியும் என்றால் இண்டி, அதாவது யாருக்கும் கட்டுப்படாத சுயேச்சை கேம். பட்டியலைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆட்களின் எண்ணிக்கை, பட்ஜெட், படம் வரைந்த பாணி எல்லாம் அப்புறம்.

அப்போ பப்ளிஷர் இருந்தாலே இண்டி இல்லையா?

அப்படியில்லை. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாக நான்கு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்தார். 2016-ல் வெளியானபோது பப்ளிஷர் சக்கிள்ஃபிஷ். 2018 கடைசியில் பெரும்பாலான தளங்களில் அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கேம் அவருடையது, பப்ளிஷர் அதை விற்றுக்கொடுத்தவர், அவ்வளவுதான். 2024-ல் பலாட்ரோ வந்ததும் பிளேஸ்டாக் என்ற பப்ளிஷர் வழியாகத்தான். அதை இண்டி இல்லை என்று யாரும் சண்டைக்கு வரவில்லையே.

பப்ளிஷர் விற்றுக்கொடுக்கிறவரா, இல்லை ஸ்டூடியோவுக்கே முதலாளியா என்பதைப் பாருங்கள். டெவால்வர் டிஜிட்டல் என்ற பப்ளிஷரின் பெயரைக் கேட்டதும் இண்டி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது 2021-லேயே லண்டன் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் க்ரோடீம் ஸ்டூடியோவையும் வாங்கிவிட்டது. டெவால்வர் வெளியிடும் மற்றவர்களின் கேமும், அவர்களே வைத்திருக்கும் க்ரோடீமின் கேமும் என் கணக்கில் ஒன்றில்லை.

டேவ் தி டைவர் எவ்வளவு அழகான கேம்! போன தடவை கேட்டதுக்கு முகத்தில் அடித்த மாதிரி “சேர்க்க முடியாது” என்றீர்களே?

முகத்தில் அடித்ததற்கு மன்னிப்பு. சேர்க்காததற்குக் கேட்க மாட்டேன்.

எனக்கும் பிடித்த கேம்தான். பகலில் கடலுக்குள் போய் மீன் பிடித்து, இரவில் சுஷி கடை நடத்தி, தூக்கம் போனதுதான் மிச்சம். ஆனால் அதைச் செய்த மின்ட்ராக்கெட், நெக்ஸான் தொடங்கிய பிரிவு. நெக்ஸான் கொரியாவில் பிறந்து டோக்கியோ பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனம். மேலிடத்தில் ஒருவர் “போதும், மூடுங்கள்” என்றிருந்தால் அந்தக் குழு கேமை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்க முடியுமா? பிக்சல் ஆர்ட்டை, அதாவது பழைய கேம் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்த படத்தை, பார்த்து ஏமாந்தது நாம் மட்டுமில்லை. 2023-ல் தி கேம் அவார்ட்ஸே சிறந்த இண்டிப் பிரிவில் அதை நிறுத்தியது, பெரிய ரகளை ஆனது. விருது கடைசியில் சீ ஆஃப் ஸ்டார்ஸுக்குப் போனது.

பிக்சல் ஆர்ட் என்பது வரைகிற பாணி. வீட்டில் அச்சு முறுக்கு சுடுகிறவரும் உண்டு, அதே அச்சை வைத்து ஃபேக்டரி நடத்துகிறவரும் உண்டு.

ஸ்டீமில் “இண்டி” டேக் இருந்தால் போதாதா?

போதாது. ஸ்டீம் என்பது கேம் விற்கும் இணையக் கடை, அங்கே அந்த டேக்கை கேமைச் செய்தவரும் போடலாம், விளையாடுகிறவர்களும் போடலாம்.

ஓரி, கப்ஹெட் இரண்டுமே மைக்ரோசாஃப்ட் மேடையில் காட்டி வந்தவைதானே. ஒன்று உண்டு, ஒன்று இல்லை என்கிறீர்கள். ஓரவஞ்சனையா?

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

ஓரி அண்ட் தி ப்ளைண்ட் ஃபாரஸ்ட், 2015. செய்த மூன் ஸ்டூடியோஸ் யாருக்கும் சொந்தமில்லாத தனி ஸ்டூடியோ, ஆட்கள் பல நாடுகளில் இருந்து வேலை பார்த்தார்கள். அதுவரை பக்கா இண்டிக் கதை. ஆனால் ஓரி என்ற பெயரும் பாத்திரமும் மைக்ரோசாஃப்டின் சொத்து. வெளியிட்டதும் அவர்களே. ஸ்டூடியோ சுதந்திரமானது, கேம் இல்லை.

கப்ஹெட், 2017. கனடாவின் மோல்டன்ஹவர் சகோதரர்கள் வேலையை விட்டு, வீட்டை அடமானம் வைத்துச் செய்தது. 1930-களின் கார்ட்டூன் மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் கையால் வரைந்தார்கள். மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸில் வந்தது, மைக்ரோசாஃப்ட் தூக்கிப் பிடித்தது, எல்லாம் சரி. ஆனால் கப்ஹெட் இன்றும் அவர்களுடைய ஸ்டூடியோ எம்டிஎச்ஆருடையது. வீட்டைப் பணயம் வைத்தவர்கள் கையிலேயே கேமும் இருக்கிறது.

மேடை ஒன்றுதான். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு. ஓரியை வெளியே வைக்க எனக்கு மனசே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சார், உங்க விதிப்படி பால்டர்ஸ் கேட் 3 கூட இண்டிதானே? லாரியன் தனி ஸ்டூடியோ, பப்ளிஷரும் அவங்களே.

மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள். பாதி மடக்கிவிட்டீர்கள்.

லாரியனின் பெரும்பங்கு நிறுவனர் பக்கம், சீன நிறுவனமான டென்சென்ட்டிடம் இருப்பது சிறுபங்கு. ஆனால் பால்டர்ஸ் கேட் நடக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் உலகம், பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டுக்குச் சொந்தம். அந்த உலகத்தைத் தூக்கிக்கொண்டு லாரியன் எங்கேயும் போக முடியாது. அதனால் தப்பித்தேன்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும்: டிவினிட்டி என்ற கேம் வரிசை அவர்களுடையதே, அதில் புது கேம் வந்தால்? என் விதிப்படி உள்ளே வரும். நானூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஸ்டூடியோவை, அறையில் தனியாக உட்கார்ந்து கேம் செய்த ஒருவரோடு மோதவிடுவது நியாயமா என்றால், இல்லை. அதற்காகத்தான் இந்த வருடம் “சிறு குழு” என்று இன்னொரு பிரிவு வைக்கிறோம். எத்தனை பேர் வரை சிறு குழு என்பதில் இன்னும் அடிதடி நடக்கிறது. இருபது என்று நான் சொன்னேன், தோற்றுவிட்டேன் போலிருக்கிறது.

கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33?

உள்ளே. சாண்ட்ஃபால் பிரான்ஸின் மான்பெலியேயில் இருக்கும் தனி ஸ்டூடியோ, நிறுவியவர்களில் பெரிய கேம் நிறுவனமான யூபிசாஃப்டை விட்டு வந்தவர் உண்டு, மையக் குழு முப்பது பேர் அளவு. பப்ளிஷரான கெப்ளருக்குப் பின்னால் சீன நிறுவனமான நெட்ஈஸின் 12 கோடி டாலர் முதலீடு இருக்கிறது, ஆண்டி செர்கிஸ் மாதிரிப் பெரிய நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் பணக்கார வீட்டுக் கல்யாணம் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் ஸ்டூடியோ அவர்களுடையது. சண்டை அனிமேஷனை வெளியே ஒரு கொரியக் குழுவிடம் கொடுத்தார்கள் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். சமையலுக்கு ஆள் வைத்தால் வீடு கைமாறிவிடுமா?

அதுக்குக் கொடுத்த விருதைத் திரும்ப வாங்கிட்டாங்களே?

அது இண்டியா இல்லையா என்ற சண்டை இல்லை. 2025 டிசம்பரில் இண்டி கேம் அவார்ட்ஸ் அப்படிச் செய்தது. ஜெனரேட்டிவ் ஏஐ, அதாவது படம், எழுத்து எல்லாம் தானே உருவாக்கும் ஏஐ, கூடாது என்பது அவர்கள் விதி, தயாரிப்பில் அது பயன்பட்டது தெரியவந்ததும் விலக்கிவிட்டார்கள். விதி கடுமைதான், ஆனால் முன்பே இருந்தது. நாங்கள் ஒரு வருடம் ஓட்டு பாதியில் இருக்கும்போது விதியை மாற்றினோம். முன்னணியில் இருந்த கேம் வெளியே போனது, அதோடு நான்கு பேர் வட்டத்தை விட்டே போனார்கள். மாற்றலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான்.

மைன்க்ராஃப்ட்?

2011-ல் இண்டி. அந்த வருடம் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரிய பரிசும் வாங்கியது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது அப்புறம்தான். வெளியான நாளில் யாரிடம் இருந்தது என்பதுதான் எங்கள் கணக்கு.

வெண்பா கேமுக்கு நம்ம ஆளுங்க எல்லாம் சேர்ந்து குத்தினா என்ன தப்பு?

கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், சமையல், டொரண்டோவின் விசாய் கேம்ஸ். எல்லா விதத்திலும் இண்டி, அதில் பேச்சே இல்லை. 2024-ல் அதே ஃபெஸ்டிவலின் பெரிய பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் முதல் படைப்பு விருதும் நம் தயவு இல்லாமலே அதற்குக் கிடைத்தன. விளையாடிவிட்டுக் குத்துங்கள். இட்லி ஊற்றும் இடத்திலேயே கண் கலங்கியவன் நான், உங்களைத் தடுக்கப் போவதில்லை.

மொத்தமா ஓட்டுக்கே விட்டுடலாமே. மக்கள் இண்டின்னா இண்டி!

ஸ்டீம் அவார்ட்ஸில் 2023-க்கு என்ன ஆனது தெரியுமா? வெளிவந்து பல காலமானபிறகும் செய்தவர்கள் விடாமல் பராமரிக்கும் கேமுக்கு ஒரு விருது உண்டு. மக்கள் ஓட்டில் ஜெயித்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அதன் ஆன்லைன் பகுதியைக் கவனிக்கவே ஆளில்லை என்று விளையாடுகிறவர்கள் வருடக்கணக்காகப் புலம்பிய கேம் அது. குசும்புக்குக் குத்தினார்களா, பாசத்தில் குத்தினார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதனால் எங்களிடம் இரண்டு சுற்று. சந்தேகமான கேம்களுக்கு முதலில் “இண்டியா, இல்லையா” என்று மட்டும் ஓட்டு, மூன்றில் இரண்டு பங்கு “ஆம்” வந்தால் உள்ளே. அது முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் சிறந்தது எது என்ற ஓட்டு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், பிடித்த கேமெல்லாம் இண்டி ஆகிவிடுகிறது.

கடைசியா, உங்க ஓட்டு எதுக்கு?

எண்ணுகிறவனுக்கு ஓட்டு இல்லை. அந்த நான்கு பேர் போனபிறகு போட்ட விதி.