கத்தரிக்காயும் 24 பென்சில்களும்

அன்புள்ள ஐயா,

வங்கியில் பணிபுரிகிறேன். வயது 43. பத்தாம் வகுப்புக்குப் போன மகன் தொடாமல் விட்ட 24 வண்ணப் பென்சில்கள் கொண்ட பெட்டியை எடுத்து, இரண்டு மாதமாக மாலை வேளைகளில் வரைந்து பார்க்கிறேன். போன வாரம் ஒரு கத்தரிக்காயை வரைந்தேன். நன்றாக அழுத்தித் தீட்டியும் நிறம் வெளிறித்தான் தெரிகிறது. அதன்மேல் வேறு நிறத்தைப் போட்டால் ஏற மறுத்து வழுக்குகிறது. பளபளப்புக்காக வெள்ளைப் பென்சிலால் தீட்டிய இடம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிட்டது. 120 நிறங்கள் கொண்ட வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினால் சரியாகிவிடும் என்று தோழி சொல்கிறாள். விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா? இந்த வயதில், குழந்தைகள் கையாளும் பென்சிலை வைத்துக்கொண்டு கலை என்று பேசுவதே அபத்தமோ என்ற சந்தேகமும் இருக்கிறது. கெட்டுப்போன அந்தக் கத்தரிக்காயைத் திருத்த முடியுமா?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

பெட்டியை இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய் முதலில் நல்ல தாள் வாங்குங்கள். எந்தத் தாளில் வரைந்தீர்கள் என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் அழுத்தியும் வெளிறித் தெரிகிறது, மேலே போட்டால் வழுக்குகிறது என்ற இரண்டு வரிகளைப் படித்ததும், அது நகலெடுக்கும் கடைகளில் கட்டுக்கட்டாக இருக்கும் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன். நானும் முதல் ஓராண்டு அதில்தான் வரைந்து, பழியைப் பென்சில்மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

வண்ணப் பென்சிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். நாம் எழுதும் கறுப்புப் பென்சிலின் தண்டு கிராஃபைட்டையும் களிமண்ணையும் பிசைந்து, ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் சூளையில் சுட்டு எடுப்பது. வண்ணப் பென்சிலின் தண்டை அப்படிச் சுட முடியாது. சுட்டால் நிறமியும் மெழுகும் கருகிப் போகும். ஆகவே நிறமித் தூள், களிமண் போன்ற நிரப்புப் பொருள், பிசின், மெழுகு அல்லது எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் குச்சியாக அழுத்தி உலர்த்துகிறார்கள். மலிவான பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, அந்தக் கலவையில் நிறமி எவ்வளவு, நிரப்புப் பொருள் எவ்வளவு என்பதுதான். மெழுகுப் பென்சில், எண்ணெய்ப் பென்சில் என்று கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் என்று விற்கப்படுவதிலும் மெழுகு உண்டு, விகிதம்தான் மாறுகிறது. மெழுகு மிகுந்தது மென்மையாகப் படியும், சீக்கிரம் மழுங்கும். எண்ணெய் மிகுந்தது சற்றுக் கடினமாக இருக்கும், கூர் நிற்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் வரைபவர்களுக்கு இரண்டாவது வகை ஒத்துவரும் என்பது என் அனுபவம்.

இனித் தாளுக்கு வருகிறேன். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் ஓவியத் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பென்சிலை மெல்ல இழுக்கும்போது மேடுகள் மட்டும் அதன் நிறமியைச் சுரண்டி வாங்கிக்கொள்கின்றன. பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளைத் திசை மாற்றிப் போடப் போட, பள்ளங்களும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி நிறம் செறிவடைகிறது. முதல் அடுக்கிலேயே பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் மேடுகள் நசுங்கி, மெழுகு பூசி மூடிக்கொள்ளும். அதற்குமேல் எந்தப் பென்சிலையும் தாள் பிடிக்காது. நீங்கள் வங்கியில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன்: தாளின் சொரசொரப்புதான் கணக்கிலுள்ள இருப்பு, நீங்கள் முதல் நாளே முழுவதையும் எடுத்துவிட்டீர்கள். நகலெடுக்கும் தாளில் அந்த இருப்பே மிகக் குறைவு. இரண்டு மூன்று அடுக்குகளில் தீர்ந்துபோகும்.

வாங்க வேண்டியது 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, அமிலமற்றது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் ஓவியத் தாள். நீர்வண்ணத்துக்கான 300 ஜிஎஸ்எம் தாள்களில் வழவழப்பாக அழுத்தியெடுத்த ‘ஹாட் பிரஸ்டு’ வகை மிக நன்றாக இருக்கும். அதே கடையில் பக்கத்திலேயே இருக்கும் ‘கோல்டு பிரஸ்டு’ வகையின் பள்ளங்கள் ஆழமானவை. அவற்றை நிரப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். பள்ளிச் செயல்திட்டங்களுக்கு வாங்கும் ஐவரி அட்டை தடிமனாக இருப்பதால் பலரும் அதில் ஏமாறுகிறார்கள். அதன் வழவழப்பில் அடுக்குகள் நிற்பதில்லை. பெரிய தாளை நான்காக வெட்டி வைத்துக்கொண்டால் செலவும் குறையும், படமும் முடிவடையும்.

தாள் வந்ததும் அதே கத்தரிக்காயை மறுபடி வரையுங்கள். தெரிந்தோ தெரியாமலோ மிக நல்ல பொருளைத் தேர்ந்திருக்கிறீர்கள். கருமை, பளபளப்பு, காம்பின் சொரசொரப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம் விழும்படி மேசைமேல் வைத்து, நிறத்தைத் தொடுவதற்குமுன் ஐந்து நிமிடம் பாருங்கள். பளபளப்பு என்பது சன்னலின் சிறிய பிம்பம். அதன் நடு வெள்ளையாகவும், ஓரங்கள் வானத்தின் நிறத்தை வாங்கி மங்கிய நீலமாகவும் இருக்கும். அடிப்பகுதி முழுக் கருமையாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று ஓடுவதைக் காண்பீர்கள், அது மேசை விரிப்பிலிருந்து திரும்பி வரும் ஒளி. அந்தக் கீற்றை விட்டுவிட்டால் காய் தட்டையாகிவிடும்.

கோட்டுருவத்தைக் கறுப்புப் பென்சிலால் அழுத்தி வரையக் கூடாது. வெளிர் ஊதாவால் தொட்டும் தொடாமலும் வரையுங்கள். காம்புத் தொப்பியின் முட்களும் வெளிறிய வரிகளும் வரவேண்டிய இடங்களில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடுகளைப் பதித்துவிடுங்கள். பின்னால் பச்சையைப் பக்கவாட்டில் தேய்க்கும்போது பென்சில் அந்தப் பள்ளங்களைத் தாண்டிப் போய்விடும். முட்கள் தாமாக வெள்ளையாக எழுந்து நிற்கும். முதன்முதலில் இது நிகழும்போது சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன்.

பிறகு பளபளப்பின் எல்லையைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் பென்சில் படாமல் காக்க வேண்டும். வண்ணப் பென்சிலில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான்; கீழே இருக்கும் நிறம் மேலே போடுவதன் வழியாகத் தெரியும் தன்மை கொண்டதால், கரிய நிறத்தின்மேல் வெள்ளையைப் போட்டு மறைக்க முடியாது. உங்கள் சாம்பல் பூச்சு அப்படித்தான் வந்தது.

முதல் அடுக்கு வெளிர் நீலம், பளபளப்பின் ஓரத்திலும் மேல்பகுதியிலும். இரண்டாவது, காய் முழுவதும் ஒரு கருஞ்சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. கத்தரிக்காய்க்குச் சிவப்பா என்று தோன்றும். ஆனால் அந்தச் சூடு அடியில் இல்லாமல் ஊதாவை மட்டும் போட்டால் பிளாஸ்டிக் பொம்மை போலிருக்கும். அதன்மேல் ஊதா, அதன்மேல் நிழல் பக்கத்தில் கருநீலம், மறுபடி ஊதா, மிகக் கரிய இடங்களில் கரும்பச்சையும் அடர்பழுப்பும். இவை எல்லாவற்றையும் பென்சிலின் பின்பகுதியைப் பிடித்து, அதன் எடை மட்டுமே தாளில் விழும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் சிறு சிறு வட்டங்களாகப் போட வேண்டும். கூர் மழுங்கினால் உடனே சீவ வேண்டும், ஏனென்றால் பள்ளத்துக்குள் இறங்குவது கூர்முனை மட்டுமே. கறுப்புப் பென்சிலை எடுக்கவே வேண்டாம். கருநீலமும் அடர்பழுப்பும் சேர்ந்து தரும் கருமையில் ஆழம் இருக்கும். வெறும் கறுப்பில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

ஏழெட்டு அடுக்குகள் ஆனபின், கடைசியாகத்தான் அழுத்தம். ஊதாவையோ நிறமற்ற மெழுகுப் பென்சிலையோ கொண்டு காயின் வளைவை ஒட்டி அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் மறைந்து, தோல் பளபளக்கத் தொடங்கும். இதற்குமேல் எதுவும் ஏறாது என்பதால் அவசரப்படக் கூடாது. உள்ளங்கை அளவுக் காய்க்கு எனக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. இரண்டாம் நாள் காம்பு வாடிவிடும். ஆகவே முதல் நாளே அதே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது மூன்றாம் நாள் சாம்பாரில் போனது.

இதுவரை சொன்னவற்றுக்கு உங்கள் 24 பென்சில்கள் பெரும்பாலும் போதும். அவற்றின் எல்லை உங்களுக்கே தெரியத் தொடங்கியபின், ஓவியர்களுக்கான பென்சில்களைத் தனித்தனியாக விற்கும் கடையில் பன்னிரண்டு வாங்குங்கள்: சூடான (ஆரஞ்சுச் சாயலுள்ள) மஞ்சள் ஒன்று, குளிர்ந்த (பச்சைச் சாயலுள்ள) மஞ்சள் ஒன்று, அதேபோல் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு கருநீலம், இரண்டு பழுப்பு, ஒரு கரும்பச்சை, ஒரு ஊதா, ஒரு வெளிர் சாம்பல். 120 நிறப் பெட்டியில் பாதிப் பென்சில்கள் முனை கலையாமல் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், என் வீடு உட்பட.

தனியாக வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நண்பரின் மகளை ரோஜா நிறப் பாவாடையில் வரைந்து, சட்டமிட்டுப் பரிசளித்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தபோது முகமும் கூந்தலும் அப்படியே இருக்க, பாவாடை மட்டும் வெளுத்துச் சலவைக்குப் போட்டதுபோல் ஆகியிருந்தது. நண்பர் பெருந்தன்மையோடு எதுவும் சொல்லவில்லை. நானும் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் வெயிலில் அதிகம் வெளுக்கும் நிறங்கள். ஓவியர்களின் வண்ணப் பென்சில்களுக்கென்றே, வெளிச்சத்தில் வெளுக்காமல் நிற்கும் திறனையும் அளக்கும் ஏஎஸ்டிஎம் டி6901 என்ற அமெரிக்கத் தரநிலை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கரன் தாஷ் நிறுவனம் தன் ‘லூமினன்ஸ்’ வரிசையை அதன்படி சோதித்து விற்கிறது. வேறு நிறுவனங்கள் பென்சிலின்மேல் நட்சத்திரக் குறிகளால் இதைக் காட்டுகின்றன. குறி எதுவும் இல்லாத பென்சிலை நீங்களே சோதிக்கலாம்: எல்லா நிறங்களையும் ஒரு தாளில் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்ததும் எதை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

பென்சிலைக் கீழே போடாதீர்கள். மரம் உடையாவிட்டாலும் உள்ளே தண்டு பல துண்டுகளாகிவிடும். பிறகு சீவும்போதெல்லாம் முனை உதிர்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அல்லது சீவியின் மழுங்கிய தகடு. அடர்ந்த படத்தின்மேல் சில நாள்களில் வெண்புகை படிந்தாற்போல் தெரிந்தால் பதற வேண்டாம். மெழுகு மேலே வந்திருக்கிறது, மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓவியர்களுக்கென ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் ‘பாலிக்ரோமோஸ்’ வண்ணப் பென்சில்களைக் கொண்டுவந்தது 1908இல். 1970களில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி புகழின் நடுவில் இருந்தபோது வண்ணப் பென்சிலால் உருவப்படங்கள் வரைந்தார். அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கமே 1990 முதல் இயங்குகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரியவர்கள் கையில் இருக்கும் பொருள் இது. குழந்தைகளுக்கு இதை முதலில் கொடுக்கிறோம், அவ்வளவுதான்; அவர்களுக்கு ஏழு அடுக்குகள் போடும் பொறுமை இருப்பதில்லை, 43 வயதில் இருக்கலாம்.

கடைசியாக, கெட்டுப்போன படம். செல்லோடேப்பில் ஒரு விரற்கடை கிழித்து, அதன் பசையை உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டியெடுத்துக் குறைத்துவிட்டு, சாம்பல் பூசிய இடத்தின்மேல் மெல்லப் படியவையுங்கள். டேப்பின் மேற்புறத்தில், நீக்க வேண்டிய பளபளப்பின் வடிவத்தை மட்டும் மை தீர்ந்த அதே பேனாவால் தேய்த்துவிட்டு, மெதுவாகத் தூக்குங்கள். தேய்த்த இடத்து மெழுகு டேப்போடு வந்துவிடும். முழு வெள்ளை திரும்பாது, ஆனால் ஒன்றிரண்டு அடுக்குகளுக்கு இடம் கிடைக்கும். இரண்டு முறைக்குமேல் செய்ய வேண்டாம். நகலெடுக்கும் தாளாக இருந்தால் மூன்றாவது முறை தாளின் தோலே உரிந்து வரும்.