அம்மம்மாவின் அம்மா பெயர் என்ன? குடும்ப வரலாறு: கேள்வி-பதில்

அப்பா வழியில் ஐந்து தலைமுறைப் பெயர் தெரியும். அம்மா வழி அம்மம்மாவோடு நின்றுவிடுகிறது. அவருடைய தாயின் பெயரை எங்கே தேடுவது? (கரவெட்டி)

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நம்மிடம் தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. கலியாணம் முடிந்தால் பெண்ணுக்கு அதுவும் கணவன் பெயராகிவிடும். இப்படியே இரண்டு தலைமுறையில் பெண்களின் பெயர் மறைந்துபோகிறது. ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் மறையாது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி, தாயின் சீதனம் மகள்மாருக்கே சீதனமாகப் போகும். எனவே அம்மம்மாவின் சீதன உறுதியைத் தேடுங்கள். விலைக்கு வாங்கிய காணியின் உறுதி இதற்கு அவ்வளவு உதவாது.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் பூச்சி அரித்திருந்தது. காணிப் பெயர், பரப்புக் கணக்கு எல்லாம் கடந்து வந்தால், காணி தாய்க்கு எந்தச் சீதன உறுதியால் வந்தது என்று ஒரே ஒரு வரி. அதில் பழைய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர். அந்த இலக்கத்தைக் கொண்டுபோய்க் காணிப் பதிவுக் கந்தோரில் பிரதி கேட்டேன். பூட்டியின், அதாவது அம்மம்மாவின் தாயின், பெயரும் அவருடைய தாய் தகப்பன் பெயரும் கிடைத்தன. அன்று இரவு அம்மாவுக்கு அந்தப் பெயரை வாசித்துக் காட்டியபோது, இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

உறுதியில் எழுதியிருக்கும் காணி எல்லைகளையும் விடாமல் வாசியுங்கள். கிழக்கிலும் தெற்கிலும் பெண் பெயர்கள் இருந்தால், அவர்கள் அக்கா தங்கையாக இருக்கக்கூடும். ஒரே வளவைப் பிரித்துத்தானே சீதனம் கொடுத்தார்கள்!

அப்பப்பாவின் ஓலைச் சாதகத்தில் 'விகாரி வருடம்' என்று மட்டும் இருக்கிறது. (சுன்னாகம்)

விகாரி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். 1959 சித்திரையில் ஒன்று பிறந்தது, அதற்கு முன் 1899 சித்திரையில் ஒன்று. உங்கள் அப்பப்பாவுக்கு எது பொருந்தும் என்பது பிள்ளைகளின் வயதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாதம் தை, மாசி, பங்குனி என்றிருந்தால் ஆங்கில ஆண்டு 1900 அல்லது 1960 ஆகும், கவனம்.

பெரியம்மாவுக்கு 88 வயது. எதைக் கேட்டாலும் 'எனக்கென்ன ஞாபகம்' என்கிறார். (மானிப்பாய்)

ஆண்டைக் கேட்டால் அப்படித்தான் சொல்லுவார். புயலைக் கேளுங்கள். 1964 மார்கழிப் புயல் அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் கைக்குழந்தையோடு இருந்தார், எந்த மரம் விழுந்தது? 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச செயலகத்தின் முன் நடந்த சத்தியாக்கிரகத்தின்போது கலியாணம் ஆகிவிட்டதா? இதற்கெல்லாம் பதில் வரும். அப்புறம், வீட்டில் யார் யாருக்குத் திவசம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வருடக்கணக்கில் சமைத்துப் படைத்தவருக்கு மாதமும் திதியும் மறக்காது. இறந்த ஆண்டு தெரியாவிட்டாலும் நாள் கிடைத்துவிடும்.

'மாமி' என்று சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள். தகப்பனின் சகோதரியா, மாமாவின் மனைவியா, கணவரின் தாயா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். உறுதிகள் அடுத்த மாதமும் கந்தோரில் இருக்கும். பெரியம்மாவிடம் இந்தக் கிழமையே போங்கள்.

1995 இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன. இனி வழி உண்டா? (லண்டன்)

உண்டு. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவுக்குப் போயிருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவையும் பிரதேச செயலகத்தில் தேடிக் கேட்கலாம்.

அதைவிட, ஒருவர் இறந்த 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டை, அதாவது அச்சிட்ட நினைவு மலரை, தேடுங்கள். வீட்டுப் பிரதி தொலைந்தாலும், செத்தவீட்டுக்கு வந்த யாரோ ஒருவரின் அலுமாரியில் இன்னொன்று இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகத்திலும் இத்தகைய நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை இட்டுத் தேடுங்கள். வம்சாவளிப் பக்கத்தை வாசிக்கும்போது ஒன்று: சிறுவயதில் இறந்த பிள்ளைகளையும் முதல் தாரத்தையும் பலர் அதில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.